பார்க்க ஒன்றுமில்லாத விளையாட்டு

அந்த விமர்சனத்தின் கீழே நான் எழுதிய வரியை இப்போது யாரும் படிக்க முடியாது. அழித்துவிட்டேன். அழித்ததை மறுபடி எழுதிக் காட்டுவது எனக்குச் சுலபமில்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

நாங்கள் நான்கு பேர். சிதம்பரத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். எனக்குக் கடலூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், பரிசோதனைக்கூடத்தில் வேலை. இன்னொருவன் தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பம். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறான். மூன்றாவது, எங்களைவிட இரண்டு வயது இளையவள், காட்டுமன்னார்கோயிலில் பள்ளிக்கூட ஆசிரியை. நாங்கள் அவளை டீச்சர் என்போம், அவள் எங்களை அண்ணா என்பாள். நான்காமவன் படிப்பு முடிந்தும் சிதம்பரத்திலேயே தங்கிவிட்டான். கீழ வீதியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் வடிவமைப்பான். கல்லூரி நாளிலிருந்து எனக்கு நெருக்கமானவன் அவன்தான்.

ஊரடங்கு நாட்களில் பஸ் ஓடவில்லை. அவன் அங்கே, நான் இங்கே. அப்போதுதான் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து ஆடக்கூடிய அந்த வீடியோ கேமின் முதல் பாகம் வந்தது. தண்ணீரில் மூழ்கிய ஒரு நகரத்தை இரண்டு பேர் சேர்ந்து கடக்க வேண்டும். வசனம் கிடையாது, வழிகாட்டும் அம்புக்குறி கிடையாது. கோபுரங்களின் மேல் வெயில் விழுவதைப் பார்த்துப் பார்த்தே வழி கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் இருவரும் அதை மூன்று முறை முடித்தோம். அவன் வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது என்னால் போக முடியவில்லை. பத்தாம் நாள் அவனே என்னை அழைத்து, "வாடா, கொஞ்ச நேரம் நடக்கலாம்" என்றான். அந்த மூழ்கிய நகரத்தில்தான் நடந்தோம்.

இரண்டாம் பாகத்துக்கு வருடக்கணக்கில் காத்திருந்தோம். வந்தபோது அது முற்றிலும் வேறாக இருந்தது. நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். நகரம் முழுக்க மூடுபனி. நாலடிக்கு மேல் எதுவும் தெரியாது. சுவரை நெருங்கினால் ஒரு முனகல், பாதை திரும்பினால் மணிச்சத்தம், எதிரி வலப்பக்கம் வந்தால் வலது காதில் காலடி. எல்லாமே சத்தம்.

தமிழில் விளையாட்டுகளை விமர்சிக்கிற ஒருவரின் வீடியோக்களை நாங்கள் தவறாமல் பார்ப்போம். முழுசாக விளையாடாமல் வாய் திறக்கமாட்டார் என்பதால் அவர் மேல் எங்களுக்கு மரியாதை. அவர் இதற்குப் பத்துக்கு மூன்று போட்டார். கதை பலவீனம், முடிவு அவசரம் என்றார். கடைசியாக, "இது பார்க்க ஒன்றுமில்லாத விளையாட்டு" என்று முடித்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். எனக்கு அப்படியொரு திருப்தி. நான் நினைத்ததையே ஒருவர் சொல்லிவிட்டார். உடனே கீழே எழுதினேன்: "குருடன் விளையாடுறதுக்குன்னே செஞ்சிருக்கானுங்க. கண்ணு இருக்கிறவன் எதுக்குடா வாங்கணும்?"

மாலைக்குள் அந்த வரிக்கு விருப்பங்கள் குவிந்துவிட்டன. முன்பின் தெரியாதவர்கள் சிரிப்புப் பொம்மைகள் போட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் வண்டியை நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், வழக்கம்போல நான்கு பேரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேச உட்கார்ந்தோம். விளையாடவில்லை. விமர்சனத்தைப் பற்றித்தான் பேச்சு.

"மூணு மார்க்கே ஜாஸ்தி" என்றான் ஐஸ் பேக்டரிக்காரன். "பனியில போட் ஓட்டுற மாதிரி இருக்கு. அதான் நாங்க தெனம் பண்றோமே, அதுக்கு எதுக்கு கேமு?"

டீச்சர் அவ்வளவு கடுமையாக இல்லை. "சத்தம் நல்லாத்தான் செஞ்சிருக்காங்கண்ணா. ஆனா மொதல் பாகத்துல இருந்த அழகு இல்ல. அவுரு சொல்றது சரிதான்."

நான் முழுமூச்சாக விமர்சகர் பக்கம் நின்றேன். பேசிப் பேசி, நான் எழுதிய வரியையும் பெருமையாக வாசித்துக் காட்டினேன். ஐஸ் பேக்டரிக்காரன் சத்தமாகச் சிரித்தான். சிதம்பரத்து நண்பன் மட்டும் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீ என்னாடா, ஊமையாயிட்ட?" என்றேன்.

"எனக்கு இந்த கேம் புடிச்சிருக்கு" என்றான்.

"போடா. நாலடி தாண்டி எதுவுமே தெரியல, இதுல என்னா புடிச்சிருக்கு?"

"நீ எழுதுனத நான் அன்னைக்கே கேட்டுட்டேன் மச்சான்."

"கேட்டியா? படிச்சேன்னு சொல்லு."

"இல்ல. கேட்டேன். போனு படிச்சு சொல்லுதுல்ல, அதுல."

அவனே நிதானமாகச் சொன்னான். இரண்டு வருடமாகவே கண் போய்க்கொண்டிருக்கிறது. புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறான். விழித்திரையில் வரும் நோய், மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நேராகப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். ஓரங்கள் எல்லாம் போய்விட்டன. "குழா வழியா பாக்குற மாதிரி இருக்குடா. அந்தக் குழாயும் வரவர சின்னதாவுது" என்றான்.

"எங்ககிட்ட ஏண்டா சொல்லல?" என்றான் ஐஸ் பேக்டரிக்காரன். அவன் குரல் மாறியிருந்தது.

"சொன்னா பாவப்பட்டு என்னை ஜெயிக்க விடுவீங்க. அதுக்குப் பதிலா தோக்கறதே தேவல."

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. திருவதிகையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பந்தியில் பரிமாற வந்தவர் மேல் அவன் மோதி, சாம்பார் வாளி கவிழ்ந்தது. "மத்தியானமே தண்ணி போட்டியாடா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவன் நான். பொழுது சாய்ந்தால் பீச்சுக்கு வரமாட்டேன் என்று அவன் சொன்னபோது, கல்யாணம் ஆனதும் மாறிவிட்டான் என்று கேலி செய்தோம். அதற்கு முந்தின வருடம் நாங்கள் சேர்ந்து ஆடிய சண்டை விளையாட்டில் அவன் ஓயாமல் அடிபட்டுச் செத்துக்கொண்டே இருந்தான். பக்கவாட்டில் வருகிறவர்களைக் கவனிப்பதே இல்லை என்று திட்டினோம். போட்டிக்குப் போனபோது அவனை விட்டுவிட்டு வேறு ஒருவனைச் சேர்த்துக்கொண்டோம். அதை அவனிடம் சொன்னவனும் நான்தான். "சரி மச்சான், நல்லா ஆடுங்க" என்றுதான் அன்றைக்குச் சொன்னான்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்வரை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். பி.முட்லூர் வந்தபோதும் ஒன்றும் பிடிபடவில்லை.

கதவைத் திறந்தது அவன் மனைவி. எப்போதும் "வாங்கண்ணா" என்று வாய் நிறையச் சொல்கிறவள், அன்றைக்கு வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். அவன் குளித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அத எழுதுனது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"மூணு தரம் போட்டுப் போட்டுக் கேட்டாரு. உங்க பேரு வருதான்னு. அப்பறம் சிரிச்சாரு. நான்தான் உள்ள போயி அழுதேன்."

"எனக்குத் தெரியாதும்மா, அவனுக்கு இப்படின்னு."

"அவருக்கில்லாட்டி வேற யாருக்காச்சும் இருக்கும்ல, அண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அவன் ஈரத்தலையோடு வந்தான். நாற்காலியைக் கையால் தொட்டுப் பார்த்து உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வுடுடா" என்றான். "ஆடலாமா?"

ஆடினோம். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டே போய் இரண்டு முறை பள்ளத்தில் விழுந்தேன். அவன் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து எனக்காக நின்றான். ஓர் இடத்தில் எதிரியின் காலடி கேட்டதும் "எடது பக்கம், குனி" என்றான். குனிந்தேன். தலைக்கு மேல் ஏதோ கடந்துபோனது. இவன் மறுபடி இவ்வளவு நன்றாக ஆடுவதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

மூன்று மணி நேரம் கழித்து அவன் கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "கத மட்டம்டா. அந்தாளு சொன்னதுல பாதி நெசம்."

"அப்படின்னா அத எழுது. மீதிப் பாதியையும் எழுது."

அவன் சொல்லச் சொல்ல, விமர்சகரின் வீடியோவுக்குக் கீழே நான் தட்டச்சு செய்தேன். கதைக்கு மார்க் குறைத்தது நியாயம், அதில் தனக்குச் சண்டை இல்லை என்று ஆரம்பித்தான். தன் கண் போய்க்கொண்டிருப்பதை ஒரே வரியில் சொன்னான். "முதல் பாகத்தை நான் கண்ணால் முடித்தேன். இனி அது என்னால் முடியாது. இதை முடிக்க முடியும். பனியையும் சத்தத்தையும் குறை என்று நீங்கள் எண்ண வேண்டாம். அது எனக்கு வழி." அனுதாபம் வருகிற மாதிரி நான் சேர்த்த ஒரு வாக்கியத்தைப் போன் படித்துக் காட்டியதும், "அத எடு" என்றான். எடுத்தேன்.

என் வரியை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்றான். அவன் அதோடு நிறுத்திக்கொண்டது எனக்குத் திட்டுவதைவிட வலித்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழித்தேன். சிரித்தவர்கள் யாருக்கும் அது போனது தெரிந்திருக்காது. எனக்கும் பாரம் குறைந்ததாகத் தோன்றவில்லை.

நான்கு நாள் கழித்து விமர்சகர் பதில் எழுதினார். நீளமில்லை. கதைக்காகப் போட்ட மார்க்கை மாற்றமாட்டேன் என்றார். ஆனால் தான் கண்ணை மட்டும் வைத்து மதிப்பிட்டுவிட்டதாகவும், இதை யோசித்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். வீடியோவின் கடைசி வாக்கியத்தை வெட்டிவிட்டார். அங்கே இப்போது படம் ஒரு கணம் குதிக்கும். அவர் பதிலுக்குக் கீழே வழக்கம்போலச் சண்டை. விளையாட்டுக்குள் இரக்கத்தைக் கொண்டுவராதே என்று சிலர், விமர்சகர் பயந்துவிட்டார் என்று சிலர், ஏறக்குறைய நான் எழுதியதையே எழுதியவர்கள் இரண்டு பேர். அவர்களிடம் வாதாட உட்கார்ந்தேன். என்ன தகுதியில் என்று தோன்றியதும் நிறுத்திவிட்டேன்.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அச்சகத்தில் வண்ணம் பார்க்கிற வேலையை அவனால் செய்ய முடியவில்லை. முதலாளி நல்லவர், வாடிக்கையாளர்களிடம் போனில் பேசி ஆர்டர் எடுக்கிற வேலைக்கு மாற்றியிருக்கிறார். கம்ப்யூட்டர் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் பழகிக்கொண்டிருக்கிறான். சில நாள் போனை எடுக்கமாட்டான். அவன் மனைவி எடுத்து, "இன்னைக்கு வேணாண்ணா" என்பாள். அவள் என்னிடம் பழையபடி பேச நாலைந்து மாதம் ஆனது.

ஐஸ் பேக்டரிக்காரனும் டீச்சரும் அந்த இரண்டாம் பாகத்தை மறுபடி முதலிலிருந்து ஆடினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் சேர்ந்து முடித்தோம். பனி விலகி, நகரத்தின் கடைசிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டீச்சர் அழுதுவிட்டாள். எனக்கும் பிடித்திருந்தது, சொன்னேன்.

"இதெல்லாம் ஒரு முடிவா?" என்று ஆரம்பித்தான் சிதம்பரத்து நண்பன். "கதையில வர்ற அந்தப் பொண்ணு ஏன் செத்தான்னு கடைசி வரைக்கும் சொல்லல. மொதல் பாகம் எழுதுனவன இவனுங்க தொரத்திட்டானுங்க போல."

டீச்சர் விடவில்லை. ஐஸ் பேக்டரிக்காரன் அவள் பக்கம் சேர்ந்துகொண்டான். சாயங்காலம் வரை சண்டை போட்டார்கள். அவன் ஒரு இடத்திலும் இறங்கி வரவில்லை.