மாமா உட்கார்ந்த ஹௌமியா

ஏழாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்குச் சீட்டுக் குலுக்கியபோது மற்றவர்களுக்கு வியாழனும் சனியும் கிடைத்தன. எனக்கு விழுந்தது குறுங்கோள்கள். ஐந்து பெயர்களில் புளூட்டோவைத் தவிர ஒன்றும் வாயில் நுழையவில்லை.

என் முகத்தைப் பார்த்த மாமா, விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர், வாணவெடிக்கு ஒட்டுகிற காகிதக் கூடுகள் ஐந்தை மருந்தில்லாமல் வெறும் உருண்டைகளாகச் செய்து கொண்டுவந்தார். டீச்சர் தந்த தாளில் நிறமும் அளவும் மட்டுமே இருந்தன. சீரிஸ்தான் எல்லாவற்றிலும் சின்னது, சாம்பல் நிறம். எரிஸ் வெள்ளை வெளேர். மேக்மேக்குக்குச் செம்மண் பூசினோம். புளூட்டோவில் இதயம் போன்ற வெள்ளைத் திட்டை வரைந்தேன். ஹௌமியா பந்துபோலப் பளபளத்தது.

கண்காட்சி விருதுநகரில். வழியில் ஆமத்தூரில் கைக்குழந்தையோடு பஸ் ஏறிய பெண்ணுக்கு மாமா இடம்விட்டு எழுந்தார். டிரைவர் வெடுக்கென்று வண்டியை எடுத்தார். மாமா பின்பக்கமாகச் சாய்ந்து, என் மடியிலிருந்த பைமீதே உட்கார்ந்துவிட்டார். நான்கு தப்பின. ஹௌமியா முட்டையாகிவிட்டது.

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

"அழாத புள்ள. இது ரொம்ப வேகமாச் சுத்துற கோளுன்னு சொல்லிரு. ஈரக் களிமண்ணச் சுத்திவிட்டாப் பக்கவாட்டுல இழுத்துக்கிட்டுத்தான போகும்?"

"அது பொய் மாமா."

"பொய்யின்னு யாரு அங்கன போயிப் பாத்தா?"

நடுவராக வந்த கல்லூரி வாத்தியார் நேராக ஹௌமியாவைத்தான் கையில் எடுத்தார். இது மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு மாமா சொன்னதை ஒப்பித்தேன்.

"அப்படிச் சொல்லும்மா! நாலு மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்துச் சுத்திருது. அம்புட்டு வேகத்துலதான் நீண்டுபோச்சு. எல்லாரும் இத உருண்டையாத்தான் செய்வாக."

முதல் பரிசு எனக்கு. ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். மாமா வாசலில் நின்று விசிலடித்தார்.

அந்தச் சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. நடுவரும் மாமாவும் பேசிவைத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றியதாகவே நினைத்தேன். திங்கட்கிழமை டீச்சர் மேசையில் பரிசுப் பெட்டியை வைத்து, "அது சுத்தி நசுங்கல டீச்சர், எங்க மாமா உக்காந்து நசுங்கினது" என்று அழுதேன்.

டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெட்டியை என் பைக்குள்ளேயே திரும்ப வைத்தார். இவ்வளவு பெரிய குற்றத்தை ஒப்புக்கொண்டும் ஏன் ஒரு அடிகூட விழவில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.