மேஸ்திரி தோற்கப் பார்த்த பரீட்சை

முப்பது வருடம் அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டியிட்டு டைல்ஸ் பதித்த மேஸ்திரி, முழங்கால் இரண்டும் சேர்ந்து வேலைநிறுத்தம் அறிவித்த பிறகு கணினி கற்கக் கிளம்பினார். கணினி உலகம் அதைத் தாங்கிக்கொண்டது. மனைவி போய் இரண்டு வருடம். மகன் ஞாயிறுதோறும் போனில் "சாப்டியாப்பா" என்று கேட்டு, பதில் வருமுன் வைத்துவிடுவான். நூலக மாடியில் நடந்த இலவச வகுப்பில்தான், "மேஸ்திரி வந்தாச்சா?" என்று அவரைத் தேடி ஒரு குரல் கேட்டது.

ஆறு வாரப் படிப்பு. கடைசியில் ஒரே பரீட்சை: திரும்பத் திரும்ப ஓடும் கட்டளையான லூப் எழுதி, நட்சத்திரக் குறிகளால் ஐந்து வரிப் பிரமிடு ஒன்றைத் திரையில் வரவழைக்க வேண்டும். வந்தால் சான்றிதழ், வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால் அடுத்த குழுவோடு முதலிலிருந்து. விதியைப் படித்த அன்றே மேஸ்திரி தோற்பதென்று தீர்மானித்துவிட்டார்.

முதல் குழுவில் பிரமிடைத் தலைகீழாக நிறுத்தினார். இரண்டாவதில் இடுப்பு ஒடுங்கிய மணற்கடிகாரம். மூன்றாவதில் சாய்சதுரம் ஒன்றைப் போட்டுவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

டீச்சருக்கு மகன் வயதுதான் இருக்கும். திரையைப் பார்த்தாள், பிறகு அவரை.

"தெரியாதவங்க தப்பு பண்ணா ஒரு பக்கமாவது இழுத்துக்கிட்டுப் போகும் மேஸ்திரி. உங்க தப்பெல்லாம் அளவெடுத்து வெட்டுன மாதிரி இருக்கு."

"குருட்டாம்போக்குல வந்துடுச்சு டீச்சர்."

"பிரமிட விட இதுதான் கஷ்டம்."

அவர் விசைப்பலகையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"நிஜமாவே கோணலா ஒண்ணு போடுங்க," என்றாள், வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே. "ஃபெயில்னு எழுதிடறேன். திங்கக்கிழமை வந்து உக்காருங்க."

சரியான பிரமிடை எழுதி, மூன்றாவது வரிக்கு மட்டும் ஓர் இடைவெளி கூட்டினார். கோணலுக்கென்றே 'வரி மூன்றானால்' என்று தனியாக ஒரு நிபந்தனை எழுத வேண்டியிருந்தது. வரி வலப்பக்கம் நகர்ந்து பல்லை இளித்தது. திங்கட்கிழமை, அதற்குப் பின் ஆறு வாரம், எல்லாம் அந்த ஒரு காலி இடத்தில்தான் இருந்தது. டீச்சரைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

கோணல் கண்ணை உறுத்தியது. சுவரைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். திரும்பவும் திரைக்கு வந்தபோது, கை அதன் பாட்டுக்கு அந்த நிபந்தனையை அழித்துக்கொண்டிருந்தது.

"பாஸ்," என்றாள் டீச்சர், கொஞ்சம் வருத்தமாகவே.

வீட்டில் சான்றிதழைக் கூடத்துச் சுவரில் மாட்டினார். பின்னால் நின்று சாயுதா, நேரா இருக்கா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. தரை மட்டம் பார்க்கும் பழைய ரசமட்டத்தை எடுத்துச் சட்டத்தின்மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

"நேராத்தான் இருக்கு," என்று அவரே சொல்லிக்கொண்டார்.