ஹவாய் மலையில் காக்காவுக்கு வைத்த சோறு

இன்று அமாவாசை. மகளும் மருமகனும், நாங்கள் குடியிருக்கும் கேட்டி என்ற ஊரிலிருந்து என்னை ஹவாய்க்கு அழைத்து வந்து, ஒரு மலைமேல் நடக்க வைத்துவிட்டார்கள். எரிமலை கக்கிய மண்ணாம், அப்படி ஒரு பச்சை. வழியில் ஆள் நடமாட்டமே இல்லை.

வீட்டுக்காரர் போன பிறகு, அமாவாசையன்று காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். கேட்டி வீட்டு வேலியில் எப்படியும் ஒன்று வந்து உட்காரும். இங்கே தயிர்சாதத்தை ஒரு கல்மேல் வைத்து, "கா, கா" என்று தொண்டை வறளக் கத்தினேன். ஒன்றும் வரவில்லை.

இன்றைக்கு அவர் பட்டினியா?

"அம்மா, இந்தத் தீவுல காக்காவே இல்லையாம். நீ சாப்பிடும்மா," என்றாள் மகள்.

"அவர் சாப்பிடாம நான் என்னைக்குடி சாப்பிட்டேன்?"

அப்போது புதரிலிருந்து ஒரு காட்டுச் சேவல் வந்தது. கழுத்தை நீட்டி என்னை முறைத்துவிட்டு, ஒரு பருக்கை விடாமல் தின்றது.

"அத்தை, மாமாவேதான். உப்பு கம்மின்னு முறைக்கிறார் பாருங்க," என்றார் மருமகன்.

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். பிறகுதான் எனக்கும் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிக் குழம்பு கேட்ட மனிதர், இப்போது சேவலாக வந்து நிற்கிறார். இனி நான் எந்தக் கையால் அந்தக் குழம்பை வைப்பேன்? நீங்களே சொல்லுங்கள்.