டிபன் பாக்ஸில் ஒரு பல்

போன செவ்வாய்க்கிழமை, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காரணம்... என் மகளின் பல்.

விக்கிரவாண்டி தாண்டியதும் குறுக்கே ஓர் ஆடு. டிரைவர் போட்ட பிரேக்கில், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மகள் முன்சீட்டுக் கம்பியில் மோதினாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நிமிர்ந்தபோது வாயெல்லாம் ரத்தம். மேல் முன்பல் இருந்த இடத்தில் வெறும் குழி.

"எல்லாரும் காலத் தூக்குங்க! யாரும் மிதிச்சிடாதீங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

"கூரை மேல போடு சார், புதுசா மொளைக்கும்" என்றது பின்சீட்டுக் குரல் ஒன்று.

"யோவ், அது பால்பல்லுக்குய்யா. நீ கால எறக்காத!" என்றார் கண்டக்டர்.

யாரோ கொறித்துப் போட்ட மல்லாட்டைத் தோலுக்கு நடுவே பல் கிடைத்தது. நான் என்ன செய்தேன்? கர்ச்சீப்பை எடுத்து அழுத்தித் துடைக்கப் போனேன். பஸ் தரையில் கிடந்ததாயிற்றே! நல்லவேளை, அதற்குள் நான் போட்டிருந்த போனை விழுப்புரத்தில் எங்கள் பல் டாக்டரம்மா எடுத்துவிட்டார்.

"தேய்க்காதீங்க சார்! வேரைத் தொடவே தொடாதீங்க. அது மேல இருக்கிற சவ்வு உயிரோட இருந்தாதான் பல் திரும்ப ஒட்டும். வெள்ளைப் பகுதியைப் பிடிச்சு, தண்ணியில லேசா ஒரு தடவை அலசிட்டு, அதே குழியில வைங்க. முடியலைன்னா பால்ல போட்டு உடனே கொண்டு வாங்க. அரை மணிக்குள்ள!"

குழியில் வைப்பதா? பஸ் குலுங்கியது. மகள், "வேணாம்ப்பா..." என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓடும் பஸ்ஸில் பாலுக்கு எங்கே போவது?

"அண்ணே, இந்தாங்க." பக்கத்து வரிசையிலிருந்து ஒரு பால் புட்டி நீண்டது. மடியில் கைக்குழந்தையோடு, புர்கா அணிந்த இளம்பெண். "காய்ச்சி ஆற வச்ச பால்தான். இவன் இன்னும் வாய் வைக்கல."

"குழந்தைக்கு வேணாமாம்மா?"

"அழுதா அழட்டும், விழுப்புரத்துல வாங்கிக் குடுத்துக்கறேன். நீங்க பாத்துக்கினே இருக்காதீங்கண்ணே, ஜல்தி போடுங்க!"

மகளின் டிபன் பாக்ஸைக் கழுவி, பாலை ஊற்றி, பல்லை அலசிப் போட்டு மூடினேன். "இனிமே எங்கயும் ஸ்டாப் இல்ல!" என்றார் கண்டக்டர்.

டாக்டரம்மா பல்லைக் குழியில் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டியிருக்கிறார். நிற்குமா? "நம்பிக்கை இருக்கு சார். ஆனா இப்பவே சொல்ல முடியாது." தினமும் காலையில் மகளை வாய் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். "இருக்குப்பா!" என்கிறாள், சலிப்போடு.

பல்லை வெளுக்க வைக்க, மணக்க வைக்க எத்தனை விளம்பரங்கள் பார்த்திருப்பேன்! விழுந்த பல்லை எப்படிப் பிடிப்பது என்று ஒன்றுகூடச் சொல்லித் தரவில்லை. இரண்டு டிகிரி வாங்கியவன் கையில் இருந்ததோ... கர்ச்சீப்.

அந்தப் பெண்ணுக்கு ஊர் கோட்டக்குப்பமாம். இறங்கி ஓடிய அவசரத்தில் பெயர் கேட்கவில்லை. ஆனால், விழுப்புரம் வரை பசியில் வீறிட்டுக்கொண்டே வந்த அவள் பிள்ளையின் வாய் நன்றாக நினைவிருக்கிறது — அதில் ஒரு பல்கூட இன்னும் முளைக்கவில்லை.