மிஷினுக்கு ஒரு நாள் ஓய்வு

ஆக்சிஜன் மிஷின் தொழிலில் போன் அடித்தால், ஒன்று மிஷின் மக்கர் செய்திருக்கும், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை. இதே தொழிலில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய மிஷின்களைப் பிரித்துப் பிரித்தே ரிப்பேர் வேலை கற்றவன் நான். சிங்காநல்லூரில் ஒரு வீடு மட்டும் எதைப் பிரித்தும் பிடிபடவில்லை.

மீதி நம்பர்

நாச்சிமுத்து ஐயா லேத் பட்டறை வைத்திருந்தவர். நுரையீரல் கெட்டு, இனி வீட்டிலேயே ஆக்சிஜன். மூக்கில் குழாயை மாட்டி மிஷினை ஓட்டிக் காட்டினேன். டாக்டர் எழுதியது ரெண்டு லிட்டர். மறுவாரம் போனால் நாலில் ஓடுகிறது. அளவு மீறினால் கெட்ட காற்று உடம்பிலேயே தங்கிவிடும் என்று சொல்லிக் குறைத்தேன். அவருக்கு மனசு ஒப்பவில்லை.

"ஏனுங்க தம்பி, ரெண்டுலயேதான் ஓட்டோணும்னா அஞ்சு வரைக்கும் எதுக்குங்க நம்பர் போட்டு வெச்சிருக்கறான்?"

ஆள் வந்தால்

யாராவது பார்க்க வந்தால் மிஷினை நிறுத்திக் குழாயைக் கழற்றிவிடுவார். பட்டறைப் பழக்கம், ஆள் வந்தால் லேத்தை நிறுத்திவிட்டுத்தானே பேசுவார்கள். அவர் சம்சாரம் ராமாத்தாள் என்னிடம் சொன்னது:

"வாரவங்க டீயக் குடிச்சுப்போட்டுப் போயர்றாங்க. அப்பறம் இவரு மூச்சு வாங்கறத நாந்தானுங்க பாக்கறேன்."

ஆயுத பூஜை

அன்று சாயங்காலம் ராமாத்தாள் போன் செய்தார். மிஷின் நின்றுவிட்டதாம். கரன்ட் இல்லையா என்றேன். "அவரே நிறுத்திப்போட்டாருங்க" என்று அழுதார்.

போய்ப் பார்த்தால், மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்திருக்கிறது. ஐயா உதடு நீலம் பாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். "பூசையன்னிக்கு... மிஷின் ஓட்டுனதே... இல்லீங்க தம்பி." வார்த்தைக்கு ஒரு மூச்சு.

அவரிடம் வாதம் செய்ய நேரமில்லை. எரிந்துகொண்டிருந்த சூடத்தட்டை முதலில் வாசலுக்கு அனுப்பினேன்; ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பு ஆகாது. வேனிலிருந்து சிலிண்டரை இறக்கினேன்.

"இதுல மோட்டார் இல்லீங்க, பெல்ட் இல்லீங்க. சும்மா இருக்கற சாமான். இதுக்குப் பூசை லீவு உண்டுங்களா?"

சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார், யோசித்தார், குழாயை வாங்கி மூக்கில் மாட்டினார். ரெண்டு லிட்டர் வைத்தேன். மீதி நம்பரைப் பற்றிப் பேச்சே இல்லை. விரலில் மாட்டிய கிளிப்பில் ஆக்சிஜன் அளவு மெல்ல ஏறி, டாக்டர் சொன்ன இடத்தில் நின்றது. ராமாத்தாள் அப்போதுதான் உட்கார்ந்தார். சிலிண்டர் விடியும்வரை தாங்கும். கிளம்புகையில் ஐயா என் நெற்றியில் குங்குமம் வைத்தார்.

"மிஷினுக்கே லீவு உட்டாச்சு. உங்களுக்கு எப்பங்க தம்பி?"

பதில் சொல்வதற்குள் மிஷின் வைத்திருக்கும் வேறொரு வீட்டிலிருந்து போன் வந்துவிட்டதால், இந்தத் தொழிலில் வருஷத்துக்கு ஒரு நாள் ஓய்வு உறுதியானது அந்த மிஷினுக்கு மட்டும்தான்.