விழிஞ்ஞத்தில் தண்ணீரின் சூடு

கேரளத்தின் விழிஞ்ஞம் கடற்கரை, ஆவணி மாதக் காலை. பாறைகளுக்கிடையே மூழ்கிப் பேய்க்கணவாய் பிடிக்கும் ஜோசப் கரையேறி வெடவெடவென்று நடுங்குகிறார். நாம் ஆக்டோபஸ் என்பதற்கு இங்கே பேய்க்கணவாய் என்றுதான் பெயர். அவர் மனைவி செலின் ஃபிளாஸ்கிலிருந்து பாலில்லாத கட்டன்சாயா ஊற்றி, டம்ளரை அவர் கைகளுக்குள் வைத்து, மேலே தன் கைகளாலும் பொத்திக்கொள்கிறார்.

“இந்த வெயிலில் கடல் இவ்வளவு குளிருமா?” என்று கேட்கிறேன்.

“மழைக்காலத்துல அடித்தண்ணி மேல வரும் சாரே,” என்கிறார் ஜோசப். “அந்தத் தணுப்புலதான் பேய்க்கணவாய் கரைப்பக்கம் வரும். தண்ணி சூடானா ஆழத்துக்குப் போயிரும். பின்னே நமக்கு ஒண்ணும் கிட்டாது.”

“அப்போ குளிர் இருக்கட்டும்.”

செலின் சிரிக்கிறார். “இவருக்கு இப்போ சூடுதான் வேணும். ஒரு பாறைப் பொந்துல பேய்க்கணவாய் ஒண்ணு முட்டைக்குக் காவல் இருக்கு. பொரியற வரைக்கும் தாய் ஒண்ணும் தின்னாது. தணுத்த தண்ணியில பொரிய நாளாகும்.”

“ரெண்டு வாரமாச்சு,” என்கிறார் ஜோசப். “என் கை மரத்துப்போச்சு, ஒண்ணும் அறியல. நீ பாரு செலினே, சூடு வந்துட்டுதா?”

செலின் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் இறங்குகிறார். குனிந்து கை நனைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார்.

“கொஞ்சம் வந்திருக்கு.”

ஜோசப் அப்போதுதான் முதல் வாய் சாயா குடிக்கிறார்.

நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைக்கிறேன். எலும்புவரை குளிர்கிறது. செலின் என்னையே பார்க்கிறார்.

“ஆமாண்ணே,” என்கிறேன் ஜோசப்பிடம், “அவ்வளவா குளிரலை.”