பத்தாயிரம் அடி

மராட்டி ஊரான பாணேரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியைச் சுற்றி ஒரு நடைபாதை உண்டு. அதைப் பார்த்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். என் கணவரின் ஆபீஸில் நடைப்போட்டி வைத்தார்கள். கணவனும் மனைவியும் ஓர் அணி. ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாத நிலைக்கு நான் வந்திருந்த சமயம் அது.

"தொடையெல்லாம் கடுக்குதுங்க. முடியலீங்க" என்பேன்.

"உட்கார்ந்தே இருந்தா அப்படித்தான் இருக்கும். இன்னும் ரெண்டே ரவுண்டு, வா" என்பார்.

கோயம்புத்தூரிலிருந்து போனில் மாமியாரும் அதே பாட்டு. வேலைக்கு ஆள் வைத்ததால் எனக்கு உடம்பு வணங்கவில்லையாம்! நானும் ஒரு மடச்சி, அப்படித்தான் இருக்குமோ என்று நம்பி நடந்து தொலைத்தேன். மூன்றாம் பரிசு கிடைத்தது. அதை வாங்க மேடையேறும்போது, அத்தனை பேர் முன்னால், கால் மடங்கி விழுந்தேன். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது இவருக்கு.

தொடையிலிருந்து துளி சதையை எடுத்துப் பார்த்தார்கள், மரபணுச் சோதனையும் செய்தார்கள். டாக்டர் பொறுமையாக இந்தியில் விளக்கினார். உழைக்கும் தசையில் புரதங்கள் மடிப்புக் கலைந்துகொண்டே இருக்குமாம். அவற்றைத் திருத்தி மடிக்கவும், தேறாததை அப்புறப்படுத்தவும் சாப்பரோன் என்று உதவிப் புரதங்கள் உண்டு. எனக்கு அதில் ஒன்று பிறவியிலேயே கோளாறு. மடிக்க ஆளில்லாத வீட்டில் துவைத்த துணி கட்டிலில் குவிவதுபோல, என் தசைக்குள் கெட்ட புரதம் குவிந்து கிடக்கிறது. குணமாக்க இப்போதைக்கு மருந்தில்லை. வலித்தால் உடனே நிறுத்த வேண்டும், இழுத்துப்பிடித்து நடக்கவே கூடாது.

"அப்படி நடந்ததால்தான் இவ்வளவு மோசமானதா?" என்று கேட்டேன்.

நோய் நடையால் வந்ததல்ல, ஆனால் அது நோயைத் துரிதப்படுத்தியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

"அப்பாடா" என்றார் என் கணவர்.

டாக்டர் மராட்டிக்காரர். அந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடிக்க வந்தார். தட்டிவிட்டேன்.

"என் காலு போச்சுங்கறாங்க. உங்க மேல தப்பில்லைன்னு உங்களுக்கு நிம்மதி, இல்லீங்களா?" என்றேன்.

வாசலில் நான்கு படிகள், பிடித்து இறங்கக் கம்பி இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இறங்க வேண்டியிருந்தது.